காவலர் நிறைந்த குளங்கள்

நீர்நிலை காக்கும் துறைகளே, வாரியங்களே, ஆணையங்களே, குழுக்களே! திண்டுக்கல் சமவெளியிலிருந்து உங்களுக்கு வாழ்த்து. உங்கள் பெருமையைப் பேசாமல் இருந்தால் நாங்கள் நன்றி மறந்தவர்கள் ஆவோம்.

முதற்பெருமை உங்கள் கூட்டுணர்வு. முன்பெல்லாம் கண்மாய் மடையைத் திறக்க ஒரு நீர்க்கட்டி இருப்பார். கரையில் மண் போட ஊரே குடிமராமத்துக்கு இறங்கும். தண்ணீர் வீணானால் அந்த ஒரு மனிதரையே ஊர் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொடுமையை ஒழித்தீர்கள். பெரிய கண்மாய் நீர்வளத் துறைக்கு, நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் குளம் ஊராட்சி ஒன்றியத்துக்கு, எல்லைக் கணக்கு வருவாய்த் துறைக்கு, வண்டல் எடுக்க அனுமதி வேறொரு மேசைக்கு, கழிவுநீர் உள்ளாட்சிக்கு, நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. கரை உடையட்டும், சாக்கடை கலக்கட்டும். ஒருவர் தலையிலும் பழி விழாதபடி பகிர்ந்துகொண்டீர்களே, இந்த ஒற்றுமை யாருக்கு வரும்!

அடுத்தது உங்கள் பொறுமை. தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பைச் செலுத்த வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. அதில் நாங்களும் இருக்கிறோம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அங்கே பதிவாகியிருக்கிறது. எங்கள் கிணறுகளை நாடறியச் செய்தீர்கள். தண்ணீர் தெளிவதற்குள் சட்டக் கல்லூரி மாணவர்கள் அந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் பிரியாது. எங்கள் பூமியோ பாறை. நீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கிறது. உள்ளே போன உப்பு எளிதில் வெளியேறாது. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் எங்கள் ஆறான குடகனாற்றின் மேற்படுகையை ஆராய்ந்து, நிலத்தடி நீரில் தோல் ஷாப்புகள் ஏற்படுத்திய கேட்டை 2005-ல் வெளியிட்டார்கள். தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகும் ஆய்வாளர்களுக்கு வேலை குறையாமல் பார்த்துக்கொண்டீர்கள். அறிவியல் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் சிறந்தது உங்கள் சொல்வரையறை. 2017-ஆம் ஆண்டு சதுப்புநில விதிகளைப் படித்து வியந்தோம். ஆறு சதுப்புநிலம் ஆகாது என்றீர்கள், குடகனாறு விடுபட்டது. பாசனத்துக்காகவே மனிதர் கட்டியது ஆகாது என்றீர்கள், கண்மாய்கள் விடுபட்டன. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருப்பதற்கு வேறு சட்டம் உண்டென்று அதையும் விட்டீர்கள். ஆனால் தண்ணீர் விதிகளைப் படித்ததில்லை. குடகனாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி காவிரியில் சேர்கிறது, காவிரி டெல்டாவைக் கடந்து கடலுக்குப் போகிறது. அந்த டெல்டாவின் தென்கோடியில் 2002-லேயே ராம்சர் என்னும் பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் ஏறிய கோடியக்கரை இருக்கிறது. மலையடிவாரத்தில் தொடங்கும் நீரைக் கழிமுகத்தில் மட்டும் காக்கலாம் என்று கண்டுபிடித்த உங்கள் நுண்ணறிவை என்னவென்று சொல்வது!

மக்கள் பங்கேற்பை நீங்கள் மேடைதோறும் போற்றுகிறீர்கள். மக்களும் குறை வைக்கவில்லை: வழக்குப் போட்டது குடிமக்கள் மன்றம், கிணறுகளை எண்ணியது தொண்டு நிறுவனம், கெட்ட நீரை இறைத்துப் பயிர் கருகப் பார்த்தவர்கள் விவசாயிகள். முடிவெடுக்கும் சிரமத்தை மட்டும் அவர்களுக்குத் தராத பெருந்தன்மை உங்களுடையது.

இவ்வளவு செய்த உங்களிடம் இன்னும் கொஞ்சம் கேட்கிறோம். ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரே அதிகாரியின் பதவிப் பெயரை எழுதி வையுங்கள். கிணற்று நீரின் பரிசோதனை முடிவைக் கிராம சபையில் வாய்விட்டுப் படியுங்கள். குடகனாற்றின் தலைமடைக்காரரையும் காவிரிக் கடைமடைக்காரரையும் ஒரே குழுவில் உட்கார வைத்து, அவர்கள் சொல்லுக்கு வாக்குரிமை கொடுங்கள். இவற்றைச் செய்துவிட்டால் உங்களை இப்படிப் புகழ எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த இழப்பை நாங்கள் மனமாரத் தாங்கிக்கொள்வோம்.