நான் நான்தான் என்பதற்கு அத்தாட்சி

மாத்தளைக்கு ரயில் வந்த கதையை எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். 1880இல் கண்டியிலிருந்து பாதை போட்டு முடித்தார்கள். அதற்கு அப்பால் தண்டவாளம் போகவில்லை. கோப்பிக்காக வந்த வண்டி கோப்பி அழிந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. இவ்வளவும் தலைக்குள் இருக்கிறது. மிச்சக் குறிப்பெல்லாம் போனுக்குள். போன் என் முன்னால் மேசையில் கிடக்கிறது. அது திறக்கும்வரை ரயில் நிற்கட்டும்.

அதைப் பூட்டிய அப்டேட் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "பிறகு", "பிறகு" என்று மாதக்கணக்கில் தள்ளிவிட்டு, ஒருநாள் அரைத்தூக்கத்தில் "சரி" என்று தட்டிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்போமே, அதேதான். விடிய எழும்பினால் மணிக்கூட்டின் எழுத்து மாறியிருந்தது. யார் கேட்டார்கள்? பெருவிரலை வைத்தேன். விரல் போதாது, இரகசிய இலக்கம் வேண்டும் என்றது. போட்டேன். பிழை என்றது. ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். அதுவும் பிழை. கடைசியில் முப்பது வினாடி பொறுத்திருக்கச் சொன்னது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திச் சம்பளம் வாங்கிய வாத்தியார், ஆறங்குலக் கண்ணாடிக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

நான் போட்டது சரியான இலக்கம். இதை நம்புகிறவர் ஒருவர்கூட இந்த மாவட்டத்தில் இல்லை. "ஏங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. கொழும்பிலிருந்து மகள் தாயின் போனுக்கு எடுத்து, "அப்பா, டென்ஷனாகாம ஆறுதலா யோசிங்க" என்றாள். அந்த ஆறுதலான குரல்தான் எனக்கு ஆறவில்லை. பேரன் என்னிடம் கேட்கவே இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டிலுள்ளவர்களின் பிறந்தநாளையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தான். நாலு இலக்கத்தில் 10,000 சேர்மானம் வரும், அதில் பிறந்தநாளாக இருக்கக்கூடியது 366தான் என்று விளக்கினேன். அதற்குள் மனைவிக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. கலியாண நாளும் இல்லை, தன் பிறந்தநாளும் இல்லை என்றால் அது யாருடைய நாள்?

நினைவை நம்பலாம் என்பதற்கு இங்கேயே அத்தாட்சி உண்டு. மாத்தளை டவுனிலிருந்து தம்புள்ளைப் பக்கம் கொஞ்சம் போனால் அலுவிகாரை. திரிபிடகம் முழுவதையும் பிக்குகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே காத்து வந்து, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. அத்தனை காலமும் யாராவது ஒரு பிக்குவைப் பார்த்து "ஹாமுதுருவே, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லியிருப்பார்களா? இனியாவது எங்காவது எழுதி வையுங்கள் என்கிறாள் மனைவி. எழுதி வைத்ததும் என்ன ஆயிற்று? 1848 கலவரத்தில் வெள்ளைக்காரப் படை அங்கிருந்த ஏட்டுச் சாலையைக் கொளுத்திவிட்டுப் போனது.

பூட்டிய போனுக்கு அழைப்பு வருவது நிற்கவில்லை. ஆனால் பெயர் வராது, வெறும் இலக்கம்தான் வரும். பெயரெல்லாம் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஆகவே வருகிற கோல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. வருடக்கணக்காக நான் நுட்பமாகத் தவிர்த்து வந்த அத்தனை பேருடனும் பேசிவிட்டேன். சீட்டுப் பிடிக்கிற மிஸ், "என்ன சேர், இப்பயெல்லாம் ஒரே ரிங்ல எடுக்கிறீங்க" என்று மகிழ்ந்துபோனார். காசு கொடுத்தேன்.

திருகோணமலை வீதியில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனேன். கடைப் பையன் என்னிடம் படித்தவன். "சேர், கைரேகை எல்லாம் போன் ஒருக்கா திறந்த பிறகுதான் வேலை செய்யும். ஓஃப் பண்ணி ஒன் பண்ணினா உள்ள எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். நம்பர்தான் சாவி" என்றான். விளக்கம் தெளிவாக இருந்தது. நான் கற்பித்தது வீணாகவில்லை. அந்தச் சாவியைத்தானே தம்பி போடுகிறேன் என்றேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க சேர்." ஏழெட்டு என்ன என்று கேட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இவனிடம் இதே வார்த்தையை இதே தொனியில் நான் சொல்லியிருக்கிறேன். அவன் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமாம். அழித்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்குமாம்; திருடனுக்குப் பயந்து 2015இல் கொண்டுவந்த ஏற்பாடு. கடவுச்சொல்லை மாற்ற ஒரு குறியீடு அனுப்புவார்கள். எந்த போனுக்கு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இந்த நாட்டில் ஒருவன் தன்னை இன்னாரென்று நிரூபிக்க ஒழுங்கான முறை இருக்கிறது. முதலில் அடையாள அட்டை. என்னுடையது பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் ஒரு வீயும். முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு ஐந்நூறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது போதாதென்றால் பிறப்பத்தாட்சிப் பத்திரம். எடுத்து ஆறு மாதம் ஆகாத பிரதி வேண்டும் என்பார்கள். ஆறு மாதத்தில் நான் வேறு எங்காவது பிறந்துவிடுவேனோ என்ற பயம். அதன் பிறகு கிராம சேவகர். அவர் இருக்கிற நாளில் போய், இல்லாத நாளிலும் போய், வதிவிடமும் நற்சான்றும் வாங்கி, அதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்து, போட்டோப் பிரதியைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோனால் அவர் வட்ட முத்திரையை ஊதிக் குத்துவார். "மேற்படி நபர் எனக்கு நீண்டகாலமாகத் தனிப்பட்ட முறையில் அறிமுகமானவர் என்பதையும், குறித்த தொலைபேசி அவருக்கே உரியது என்பதையும், அதன் இரகசிய இலக்கத்தை அவர் மறக்கவில்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்." அந்தக் கடைசி வரிக்காகவே தனியாக ஒரு முத்திரை குத்தச் சொல்வேன். முழுவதையும் மூன்று பிரதி எடுத்து போனுக்கு முன்னால் வைத்தால், மனச்சாட்சி உள்ள எந்த இயந்திரமும் திறந்துவிடும்.

சாட்சிக்கும் குறைவில்லை. இறத்தோட்டை பஸ் கொண்டக்டர் மிச்சக் காசு கொடுக்காமல் விடக்கூடிய ஆள் நானில்லை என்று அறிந்தவர். முத்துமாரியம்மனின் மாசிமகத்துக்கு ஐந்து தேர் புறப்படும். எந்த வருடம் எந்தத் தேர் வடத்தைப் பிடிப்பதாகப் பாவனை செய்தேன் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வாசனைத் திரவியத் தோட்டத்து வாசலில் போவோர் வருவோரையெல்லாம் உள்ளே கூப்பிடுகிற பையன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் யாரென்று அவ்வளவு நிச்சயமாக அவனுக்குத் தெரியும். பகலும் இரவும் என் சட்டைப் பையில் கிடந்த போனுக்கு மட்டும் தெரியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதுமில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிச்சமாய் மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், தாளைக் காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனிடம் ஏது தாள்? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். ஒருவழியாக மிச்சக் கணக்கு தீர 2003 ஆயிற்று. அந்த 1948 சட்டத்தை எழுதியவர்கள் இந்த அப்டேட்டைப் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் வந்த இருநூறு வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் கடைசித் துண்டுக்கு நானும் சேர்ந்துகொண்டேன். அன்று இதே போன் என் அடிகளை எண்ணி, பலே என்று எனக்குப் பட்டாசு கொளுத்திக் காட்டியது. அன்று அதற்கு என்னைத் தெரிந்திருந்தது.

வெளிநாட்டிலும் இது நடக்கிறதுதான். வெளிக்கடையில் பொத்தான் மாற்றிய ஐபோன்கள் அப்டேட்டுக்குப் பிறகு "பிழை 53" என்று காட்டிச் செத்துக் கிடந்தன. அவுஸ்திரேலியாவில் வழக்குப் போட்டு, 2018இல் அப்பிள் நிறுவனத்துக்கு 90 இலட்சம் டொலர் தண்டம் விதித்தார்கள். 2023 ஒக்டோபரில் அன்ட்ரொயிட் 14 வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்த பிக்சல்காரர்கள் சிலர் தங்கள் சொந்தப் படங்களையே திறக்க முடியாமல் முழித்தார்கள். அவர்களிடமும் யாராவது நல்லா யோசிச்சுப் பாருங்க என்று சொல்லியிருப்பார்கள். இங்கே நுகர்வோர் அதிகாரசபைக்கு முறையிட 1977 என்று ஓர் இலக்கம் உண்டு. அதை அழைக்க முதலில் போனைத் திறக்க வேண்டும். பூட்டிய போன் எனக்கு விட்டுவைத்திருப்பது 119 போன்ற அவசர இலக்கம்தான். பொலிஸைக் கூப்பிடலாம், பெண்சாதியைக் கூப்பிட முடியாது.

இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு கோல் எடுப்பவர்கள் எடுத்தவுடன் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். "யாருன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்கிறவர்களுக்குப் போனை வைத்துவிடுவேன். இலக்கத்தை நல்லா யோசிச்சுப் பாருங்க என்று புத்தி சொல்ல விரும்புகிறவர்கள் தயவுசெய்து என் மனைவியின் போனுக்கு எடுக்கவும். அவள் உங்களோடு ஒத்துப்போவாள்.