கருப்பட்டிக்குப் பெல்ட் போடும் அண்ணாச்சி

கார் விலையில் பேரம் பேச வழியில்லாமல் போனதுதான் செட்டிங் அண்ணாச்சி என்ற இனம் தோன்றியதற்கு முதற்காரணம். குலசேகரன்பட்டினம் பக்கம் ஒரு பொருளைச் சொன்ன விலைக்கு வாங்கி வருகிறவனுக்கு வீட்டில் மதிப்புக் கிடையாது. கருவாடோ காணியோ, நாலு வார்த்தை கூட்டிக் குறைத்துப் பேசி, முடிவில் ஏதாவது ஒன்றைக் கொசுறாகவும் வாங்கி வரவேண்டும். அதுதான் வியாபாரம் தெரிந்தவனுக்கு அடையாளம். கார் ஷோரூமில் இந்த வித்தை எடுபடுவதில்லை. ஷோரூம் விலை, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அச்சடித்த தாளில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கின்றன. மாத முடிவில் அவர்களாகத் தரும் தள்ளுபடி பேரத்தில் சேராது. கேட்காமல் கிடைத்ததில் என்ன ருசி? மிதியடியும் மட்ஃப்ளாப்பும் சீட் கவரும் இனாமாக வாங்கி முடித்த பிறகும் அண்ணாச்சிக்கு ஆசை அடங்குவதில்லை. அப்போதுதான் வண்டிக்குள் இருக்கும் மின்னணு வசதிகள் அவர் கண்ணில் படுகின்றன. இவற்றில் எதையாவது தனக்காக மாற்றித் தரவைத்தால்தான் வண்டி தனக்குச் சொந்தமானதாக அவர் ஒப்புக்கொள்வார். பேரம் பணத்தைவிட்டு மென்பொருளுக்குள் குடிபெயர்ந்திருக்கிறது என்பது என் கட்சி.

ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியும். ஐம்பதைத் தாண்டியிருப்பார். சென்னையிலோ மும்பையிலோ கடை நடத்தி, அதைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டு ஊரோடு வந்திருப்பார். தூத்துக்குடி சர்வீஸ் சென்டருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போவது அவருக்குச் சிரமமே இல்லை; போகிற வழியில் திருச்செந்தூரில் ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கும். பூட்டும்போது வண்டி கீச்சென்று கத்தக் கூடாது. இறங்கிப் போன பிறகும் முகப்பு விளக்கு கொஞ்ச நேரம் எரியவேண்டும், வீட்டு வாசற்படி வரை. கண்ணாடி தானாக மடங்கவேண்டும். டிரைவர் ஜன்னல் ஒரே அமுக்கில் இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது, அதையும் சரிபண்ணவேண்டும். "தம்பி, இருவதத் தாண்டுனதும் கதவு தானா பூட்டுதுலா, அத நிப்பாட்டிருங்க" என்று ஆரம்பிப்பார். சர்வீஸ் அட்வைசர் எதற்கும் ஒரே பதில் வைத்திருப்பார்: "அது கம்பெனி செட்டிங் அண்ணாச்சி." அதற்கு அண்ணாச்சி: "கம்பெனிக்காரனா வண்டி ஓட்டுதான்? நாமல்லா ஓட்டுதோம்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அண்ணாச்சியின் கோரிக்கைகளில் பாதிக்கு நியாயம் இருக்கிறது; அந்த நியாயம் பெரும்பாலும் உள்ளூரில் விளைந்தது. கதவு தானாகப் பூட்டுவதையே எடுத்துக்கொள்வோம். புரட்டாசியில் முத்தாரம்மன் கோயில் தசரா வந்துவிட்டால், காப்புக் கட்டி வேடம் போட்டவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போவார்கள். குழுவுக்கு வேன் இருந்தாலும் இடம் போதாமல் நாலு பேர் அண்ணாச்சி காரில் ஏறுவார்கள். தெருவுக்குத் தெரு இறங்கி ஏறவேண்டும். அட்டையிலும் மரத்திலும் செய்த எட்டுக் கையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் காளிக்கு, பூட்டிக்கொண்ட கதவைத் திறக்க ஒரு கை கூட உதவாது. வேகம் கூடினால் கதவு பூட்டட்டும் என்று முடிவு செய்த பொறியாளர் நல்ல மனிதர்தான். குழந்தை கதவைத் திறந்துவிடும் என்று பயந்தார், சிக்னலில் வெளியாள் திறந்துவிடுவான் என்று பயந்தார். காளியை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. குரங்கா கரடியா குறத்தியா ராஜாவா என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்க வேடத்தை அவரவரே முடிவு செய்துகொள்கிற ஊர் இது. எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுத்த செட்டிங் இங்கே செல்லுபடியாகாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

முன்காலத்தில் இதற்கு உள்ளூரிலேயே ஆள் இருந்தார். அம்பாசடர் நாளில் ஆட்டோ எலக்ட்ரீசியன் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டால் ஒரு வயரை வெட்டுவார், சத்தம் நிற்கும். இரண்டு வயரை முறுக்குவார், ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி பாட்டுப் பாடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வயர் என்ற அந்தத் தர்மம் போய்விட்டது. 1986-இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையில், வண்டியின் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. கதவு பூட்டு, ஜன்னல், உள்விளக்கு போன்றவற்றைப் பெரும்பாலும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற ஒரு பெட்டி கவனித்துக்கொள்கிறது. அதனிடம் பல விஷயங்களை மாற்றச் சொல்ல வேண்டுமானால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகித்தான் சொல்லமுடியும். அந்த ஸ்கேனர் டீலரிடம் இருக்கிறது. இதனால்தான் அண்ணாச்சி ஐம்பது கிலோமீட்டர் போகிறார். சில வசதிகளை வண்டியின் திரையிலேயே அவர் மாற்றிக்கொள்ளலாம், சிலதை டீலர் மாற்றலாம், சிலதை யாரும் மாற்றக் கூடாது. எது எந்தக் கணக்கில் வருகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. ஆகவே விரல் நுனியில் முடிகிற வேலைக்கு டீலரிடம் மன்றாடுகிறார், சட்டம் தடுத்ததற்குப் பக்கத்து ஊரான உடன்குடியின் எலக்ட்ரீசியனைத் தேடுகிறார், டீலரால் முடிகிற வேலையை மட்டும் கேட்காமலே வந்துவிடுகிறார்.

கையேட்டைப் படித்தால் என்ன என்று கேட்பார்கள். படிக்கிறார், அதுதான் தொல்லை. அந்தப் புத்தகம் ஒரு வண்டிக்காக எழுதப்பட்டதன்று. அந்தப் பெயரில் விற்கும் எல்லா ரகங்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. வசதியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். 'உங்கள் வண்டியில் இருந்தால்' என்று அதற்கு அர்த்தம். விலை குறைந்த ரகத்தை வாங்கிய அண்ணாச்சி, நட்சத்திரத்தை விட்டுவிட்டு வசதியை மட்டும் படித்து, "புத்தகத்துல போட்டிருக்குலா" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். பல டொயோட்டா மாடல்களின் கையேட்டுக் கடைசியில் ஓர் அட்டவணை வருகிறது. எந்த வசதியை நீங்களே மாற்றலாம், எதற்கு டீலரிடம் போகவேண்டும் என்று கட்டம் கட்டிச் சொல்லும். அந்த ஒரு தாளைத் தமிழில் அடித்து, சாவி கொடுக்கும் நாளில் வாசித்துக் காட்டினால் அண்ணாச்சியின் கோரிக்கைகள் பாதியாகிவிடும். ஆனால் சாவி கொடுக்கும் நாளில் மாலை போடவேண்டும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும், பெரிய அட்டைச் சாவியோடு குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்கவேண்டும். விற்பனைப் பையன் வசதிகளை விளக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சியின் கண் எலுமிச்சம்பழத்தின்மேல்தான் இருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பாதுகாப்பில் பேரம் பேசலாமா? பேசக் கூடாது, இந்த இடத்தில் அண்ணாச்சி தோற்கத்தான் வேண்டும். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் முன்சீட்டு இருவருக்கும் பெல்ட் நினைவூட்டும் ஒலி கட்டாயம். வேகம் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒலி, 120-ஐத் தாண்டினால் ஓயாத ஒலி, இவையும் கட்டாயம். எந்த டீலரும் இதை நிறுத்தித் தர முடியாது. ஆனால் அண்ணாச்சி ஏன் இதில் வந்து முட்டிக்கொள்கிறார் என்று பார்த்தால் கோபம் குறையும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே அண்ணாச்சியின் முன்சீட்டில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. சென்னை சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப ஓலைப்பெட்டியில் கட்டி வைத்த கருப்பட்டியை, அந்தச் சீட்டின் கீழுள்ள எடை உணர்வி ஓர் ஆள் என்று எண்ணிக்கொள்கிறது. ஆள் பெல்ட் போடவில்லையே என்று வண்டி அலறுகிறது. அண்ணாச்சி கருப்பட்டிக்குப் பெல்ட் மாட்டுகிறார். தன் பெல்ட்டை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொக்கி போட்டுவிட்டு உட்காருகிறார். கருப்பட்டி பத்திரமாக ஊர் போய்ச் சேரும்.

அவர் இதில் தனி ஆளுமில்லை. 1974 மாடல் அமெரிக்கக் கார்களில் முன்சீட்டுக்காரர்கள் பெல்ட் போடாவிட்டால் வண்டியே கிளம்பாத ஏற்பாடு செய்தார்கள். மளிகைப் பையையும் நாயையும் ஆளென்று நினைத்து வண்டிகள் கிளம்ப மறுத்தன. ஜனங்கள் கொதித்தார்கள், அதே 1974 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விதியை ஒழித்ததோடு நிற்காமல், நினைவூட்டும் ஒலியையும் 8 விநாடிக்கு மேல் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. தூத்துக்குடியில் அண்ணாச்சி கெஞ்சிக் கிடைக்காததை, வாஷிங்டனில் ஓட்டுப் போட்டு வாங்கினார்கள். நம்மூரில் கேட்க நாடாளுமன்றம் வேண்டியிருக்கவில்லை. பெல்ட் கொக்கியில் செருகி ஒலியை ஏமாற்றும் உலோக கிளிப்புகள் இணையக் கடைகளில் கிடைத்தன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. இந்த எண்ணிக்கை ஒன்றைச் சொல்கிறது. அண்ணாச்சி ஒருவர் அல்லர். நாடு முழுக்க அவர் நிறைந்திருக்கிறார். உயிர் காக்கும் ஒலியும், சாவியை மறந்த ஒலியும், கதவு சரியாகச் சாத்தாத ஒலியும் ஒரே பீப்பியிலிருந்து வந்தால், எரிச்சலில் மனிதன் எல்லாவற்றையும் சேர்த்தே வாயடைக்கப் பார்ப்பான். தேவையில்லாத ஒலியை டீலர் குறைத்துத் தந்தால் தேவையான ஒலிக்கு மரியாதை மிஞ்சும்.

டீலர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்கேனரைச் செருகி ஒரு வரியை மாற்றுவதற்குப் பில் போடக் கட்டணம் இல்லை, மாற்றிய பிறகு வேறேதாவது கெட்டால் வாரண்டித் தகராறு வேறு. கம்பெனிகளோ இந்த வரிகளை விலைக்கு விற்றுப் பார்த்தன. பி.எம்.டபிள்யூ 2022-இல் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பி சீட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது, அனுமதிக்குத்தான் பணம். கேலி தாங்காமல் 2023-இல் கைவிட்டார்கள். குலசேகரன்பட்டினத்தில் சீட்டைச் சூடாக்கக் கம்பி எதற்கு, பங்குனி வெயில் இலவசமாகச் செய்யும். ஆனால் அண்ணாச்சியின் உள்ளுணர்வு அதற்கு முன்பே இதைப் பிடித்துவிட்டது: வண்டியில் இருப்பதை எனக்குத் திறந்துவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சந்தேகப்படுவது பைத்தியக்காரத்தனம் இல்லை.

இதே ஊரில் அமையும் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். சிறிய ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கிப் போகலாம் என்பதுதான் இடத்தின் சிறப்பு. விண்வெளிக்கே நேர்வழி கிடைத்த ஊரில், ஒரு பூட்டின் கீச்சொலியை நிறுத்த மட்டும் சேல்ஸ்மேன், அட்வைசர், மேனேஜர் என்று சுற்றவேண்டியிருக்கிறது. இதற்கு வழி அண்ணாச்சி கையிலேயே இருக்கிறது; அவர் கவனிக்கவில்லை. பல வருஷம் கடை நடத்தியவர், கால் கிலோ உளுந்தைக் கூடப் பற்று நோட்டில் எழுதாமல் கொடுத்திருக்க மாட்டார். வண்டி விஷயத்தில் மட்டும் எல்லாம் வாய்வார்த்தை. முன்பணம் கட்டுவதற்கு முன்பு சட்டைப் பையில் இருக்கும் அந்தத் தாளை நீட்டி, எது முடியும் எது முடியாது என்று எழுதி வாங்கியிருந்தால் விற்பனைப் பையன் வீட்டுக்கே வந்து செய்துகொடுத்திருப்பான். பணம் கட்டிய பிறகு மிஞ்சுவது சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு ஒன்றுதான். அதிலே ஆயில், பிரேக், ஏசி, வாட்டர் வாஷ் என்று கட்டங்கள் உண்டு. செட்டிங் மாற்றம் என்று ஒரு கட்டம் இல்லை. பூட்டும்போது வரும் சத்தம் வேண்டாம் என்று அண்ணாச்சி அழுத்திச் சொன்னால், அட்வைசர் பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, கஸ்டமர் கம்ப்ளெயின்ட் என்ற கட்டத்தில் 'சத்தம் வருகிறது' என்று எழுதுவார். மெக்கானிக் வண்டியைத் தூக்கி, அடியில் புகுந்து, சஸ்பென்ஷன் புஷ்ஷைத் தட்டிப் பார்த்து, நாலு போல்ட்டை இறுக்கி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, சத்தம் இல்லை என்று கையெழுத்துப் போடுவார். சாயங்காலம் அண்ணாச்சி வீல் அலைன்மென்ட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, வாசலில் வண்டியை விட்டு இறங்கிப் பூட்டிப் பார்ப்பார். வண்டி கீச்சென்று கத்தும். அண்ணாச்சி திரும்பி உள்ளே போவார்.