பூட்டில்லாத கீ

கொழும்பில் ஒரு கப்பல் கந்தோரில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. ஒரு பந்தியைத் தந்து உரத்து வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் க்யூ, யூ, ஏ, வை என்று நாலெழுத்துக் குந்தியிருந்தது. அஞ்சாமல் ‘குவே’ என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் இருவர் கூரையைப் பார்த்தார்கள். மூன்றாமவர் “கீ” என்றார். திறப்பைத்தான் கேட்கிறாராக்கும் என்று நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

வேலை கிடைக்கவில்லை, ஒரு சொல் கிடைத்தது. கப்பல் வந்து கட்டுகிற கல்லுத் துறைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அதை வாயால் சொல்கிற மாதிரியே கே, ஈ, வை என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு பிரெஞ்சுக்காரனின் எழுத்து அழகாய்த் தெரிய, எழுத்தை மாற்றினார்கள். வாயை மாற்ற மறந்துபோனார்கள்.

எனக்கு இது முதல் அடியல்ல. எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் ‘கேணல்’ என்று எழுதும். அதை நம்பி ஆங்கில அகராதியில் ‘கே’ பகுதியை ஒரு பின்னேரம் முழுக்கப் புரட்டியிருக்கிறேன். ஆள் ‘சி’யில் இருந்தார், நடுவில் ஒரு ‘எல்’லுடன். எழுத்து இத்தாலியில் இருந்து வந்ததாம். உச்சரிப்போ, ‘எல்’லை ‘ஆர்’ ஆக்கிய பழைய பிரெஞ்சு வடிவத்தினுடையதாம். தகப்பன் பெயர் ஒன்று, பதிவில் வேறொன்று.

புளியந்தீவுக்காரருக்கு இன்னொரு கொடுமை. மட்டக்களப்பு நகரின் நடுவே வாவி சூழ்ந்து கிடக்கிற தீவு அது. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814-இல் அங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அன்று முதல் எத்தனை பிள்ளைகள் தங்கள் தீவை ‘இஸ்லாண்ட்’ என்று வாசித்து அடி வாங்கியிருக்கும்! அந்த ‘எஸ்’ ஆதியில் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. இன்சுலா என்ற லத்தீன் சொல்லுக்கு உறவென்று நினைத்துப் படித்தவர்கள் சொருகியது. பிழை விட்டவர்கள் பண்டிதர்கள், பிரம்படி எங்களுக்கு.

போர்த்துக்கேயரின் கதேய்ராவைக் கதிரை ஆக்கி, ஒல்லாந்தரின் கந்தோரையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். ஒருவரும் கூரையைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை குருக்கள்மடத்தில் பாதை ஏறினேன், அம்பிளாந்துறைக்கு. பாதை என்றால் இங்கே தெருவல்ல. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் வாவியால் ஏற்றிப் போகிற மிதவை. பக்கத்தில் மாமா. கதையைச் சொன்னேன்.

“மறுகா?”

“கீ எண்டு சொல்லோணுமாம், மாமா.”

“துறைக்கோ கீ? பூட்டு எங்க மனே?”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“முதல்ல உன்ன எந்த ஊர் எண்டு கேட்டிருப்பாங்களே?”

“ஓம். பட்டிக்கலோவா எண்டு கேட்டாங்க.”

“மானா எப்பிடிப் பானா ஆச்செண்டு நீ கேக்கல்லியா?”

“இல்ல. யெஸ் சேர் எண்டன்.”

மாமா வெற்றிலையைத் துப்பவும் பாதை கரையில் இடிக்கவும் சரியாக இருந்தது.