தேதிக்காரர்

உங்கள் பிறந்த தேதியை அவரிடம் சொல்லிவிட்டீர்களா? போயிற்று. இனி அது உங்களுடையதல்ல.

சொல்லாமல் தப்பிக்கவும் வழியில்லை. நம் நாட்டில் ஐசி நம்பரின் முதல் ஆறு எண்களே பிறந்த வருடம், மாதம், நாள். கிளினிக்கில் நீங்கள் ஐசியை நீட்டும்போது பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். அடுத்து வரும் 05-ஐப் பார்த்து, “நம்ம நெகிரி செம்பிலான் பிள்ளையா?” என்று கேட்டாலாவது மனதுக்கு இதமாக இருக்கும். அந்த 05 அவர் கண்ணில் படாது. முதல் ஆறோடு நிறுத்திக்கொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றிவிட்டால் உங்கள் நம்பரை நர்ஸ் கூப்பிடுவதுகூட உங்களுக்குக் கேட்காது.

தோட்டத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. ரந்தாவ் பக்கம் இருப்பவர் பழைய வாத்தியார் என்று கேள்வி. நான் சொல்பவர் பழைய கிராணி. யாரென்று கேட்காதீர்கள், இதை அவரும் படிப்பார். படித்துவிட்டு, இது அச்சேறிய தேதியில் உலகத்தில் வேறு என்னென்ன நடந்தன என்று எனக்கே போன் போட்டுச் சொல்வார்.

ஒரு டிசம்பர் 29. தெரிந்தவர் மகளுக்கு இருபத்தொன்று. கோயில் மண்டபத்தில் சீரியல் பல்பு, கரோக்கே, சாவி வடிவில் கேக். பெண் கத்தியைக் கையில் எடுத்த நேரத்தில் இவர் மைக்கை வாங்கிவிட்டார்.

“இன்னிக்கு யார் பிறந்தது, தெரியுமா?”

“நான்தான் தாத்தா,” என்றது பெண், நியாயமாக.

“நீ அப்புறம்மா.”

முதலில் சார்லஸ் மேக்கிண்டாஷ் பிறந்தார். 1766, கிளாஸ்கோ. ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி, நனையாத துணி செய்து 1823-இல் பேட்டண்ட் வாங்கியவர். மழைக்கோட்டு அவர் தயவு. ஆனால் கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. இதைச் சரிசெய்ய இன்னொருவர் பிறக்க வேண்டியிருந்தது. அவரும் இதே டிசம்பர் 29-இல்தான் பிறந்தார். 1800, அமெரிக்காவில் நியூ ஹேவன். சார்லஸ் குட்இயர். பெயரிலும் சார்லஸ், தேதியிலும் 29! கடன்காரர்கள் ஜெயிலில் போட்டும் ரப்பரை விடாத மனிதர். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் தவறிப்போய்ச் சூடான அடுப்பில் பட, உருகி ஓடாமல் தோல் மாதிரி இறுகி நின்றது. 1844-இல் பேட்டண்ட்.

“அந்த அடுப்பு இல்லேன்னா டயர் இல்ல. டயர் இல்லேன்னா நம்ம தாத்தனுங்க கப்பல் ஏறி இங்க வந்திருக்க மாட்டானுங்க. அவனுங்க வரலேன்னா இந்தக் கேக் ஏது?”

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு எரிச்சலே அதனால்தான். பால் வெட்டிப் பிழைத்த ஊரில் வந்து பிறந்த பெண்ணுக்கு, ரப்பர்க்கார சார்லஸ்கள் இருவரும் ஒரே நாளில் கூடப் பிறந்திருப்பது உண்மையிலேயே அதிசயம். அதை மெழுகுவத்தி அணைந்த பிறகு சொன்னால் ஆகாதா? உருகிய மெழுகு கிரீமில் வழிந்துகொண்டிருக்க, அவர் காங்கிரசின் முதல் தலைவர் டபிள்யூ. சி. பானர்ஜி பிறந்த 1844-க்குப் போய்விட்டார். கடைசியில் ராஜேஷ் கன்னா என்றதும் அத்தைமார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதை மட்டும் அரை வரியில் முடித்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தார்.

சாவு வீட்டிலும் விடமாட்டார். பெரியவர் ஒருவர் அக்டோபர் 24-இல் போனார். இவர் மாலை போட்டுவிட்டு வந்து, போனவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “மருது பாண்டியரைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்ட நாளும்மா, 1801. ரிட்லி போனதும் இதே நாள்தான், 1956. நூறு வயசு,” என்றார். ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். பை நிறைய ரப்பர் விதையோடு திரிந்து, காப்பி போட்டிருந்த துரைமாரிடம் ‘இதை நடுங்கள்’ என்று நச்சரித்து, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கியவர். மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவர்தான். இவ்வளவையும் கேட்ட அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எந்தத் தோட்டத்துத் தொரைங்க?” என்றார்.

அவர் தோற்கிற தேதி ஒன்றே ஒன்றுதான், ஏப்ரல் 1. நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் பிடியிலிருந்து லண்டனுக்கு நேரடியாகக் கை மாறியது 1867 ஏப்ரல் 1. மலாயன் யூனியன் பிறந்தது 1946 ஏப்ரல் 1. நாட்டின் முதல் மாமன்னர், நம் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான், காலமானது 1960 ஏப்ரல் 1. மூன்றும் சத்தியம். சாப்பாட்டுக் கடையில் எவனும் நம்புவதில்லை. பர்சிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்து மாமன்னர் முகத்தைக் காட்டி, “இவர் மேல ஆணையா!” என்பார். அதற்கும் சிரிப்பார்கள். எனக்கு அவர்மேல் இரக்கம் வருகிற நாள் வருடத்தில் இது ஒன்றுதான்.

பொங்கல் ஜனவரி 14-இல் விழுந்தால் பானை பொங்குவதற்குள் 1942-க்குப் போய், கெமாஸ் பக்கம் கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து சைக்கிளில் வந்த ஜப்பான்காரர்களை மடக்கியதையும், 1969-இல் அதே நாளில் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனதையும் முடித்துவிடுவார். பால் அடிப்பிடித்துவிடும்.

அவருக்கு ரசிகர்கள் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை முன்னால் நல்ல கூட்டம் சேரும். “ஐயா, நாளைக்கு என்ன விசேஷம்? வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க,” என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார்கள். தமிழன் வரலாற்றுப் பசியோடு இருக்கிறான் என்று இவர் பூரித்துப்போவார். புதன்கிழமை நாலு நம்பர் குலுக்கல். வருடம் என்பது நாலு எண் என்பதைக் கூட்டம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஒரு தடவை ஏதோ ஒரு வருடம் ஆறுதல் பரிசில் வந்து, அவருக்குக் கோழிப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை.

இவ்வளவு தெரிந்தவரிடம் நான் ஒன்று கேட்டேன். “கிராணி ஐயா, நம்ம லயத்தை ஒடைச்சாங்களே, அது என்ன தேதி?”

கண்ணாடி கழலவில்லை.

“அதெல்லாம் எதுலயும் போடலையே தம்பி.”

எதில் போடுவார்கள்? விடியற்காலைப் பெரட்டில் செக்ரோல் புத்தகத்தோடு நின்று, யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரை நாள் என்று இருட்டில் டார்ச் அடித்து எழுதியவர் இவரேதான். மற்றவர்களின் நாளை எண்ணித்தான் சம்பளம் வாங்கினார். பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்ட வருடம் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயிலைப் பெயர்த்துத் தாமான் ஓரத்தில் சாக்கடை பக்கம் கொண்டுவந்து வைத்த நாள் தெரிந்திருக்க வேண்டும். செண்டாயான், நீலாய் என்று சிரம்பானைச் சுற்றி இருந்த தோட்டமெல்லாம் வீடாகிவிட்டது. எந்த வீட்டின் அடியில் எங்கள் பெரட்டுக் களம் கிடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. ரிட்லி எத்தனை வயதில் செத்தார் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். என் தாத்தா எத்தனை வயதில் கப்பல் ஏறினார் என்பது தெரியாது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வரவில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்லிவிட வேண்டும். என் பாட்டியின் ஐசியில் ஜூலை 1 என்று இருக்கிறது. அவர் பிறந்தது அன்றைக்கல்ல. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் என்று அவர் அம்மா சொன்னதுதான் அவருக்குத் தெரியும். யாரோ ஆபிசில் கைக்கு வந்த தேதியை எழுதினார்கள். எங்கள் வீட்டில் யாருமே கண்டுகொள்ளாத அந்தப் பொய்த் தேதிக்கு வருடம் தவறாமல் ஒரு டின் பிஸ்கட்டோடு வந்து நிற்பவர் இவர் ஒருவர்தான்.

“அக்கா, 1860-ல இன்னிக்குத்தான் குட்இயர் செத்தார். அந்த டயர் கம்பெனி அவரோடது இல்லக்கா. அவர் போய் முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு யாரோ ஆரம்பிச்சு, மரியாதைக்கு அவர் பேரை வச்சாங்க. மனுஷன் ரெண்டு லட்சம் டாலர் கடனோட போய்ச் சேர்ந்தார்.”

பாட்டி பிஸ்கட் டின்னின் மூடியை நகத்தால் நெம்பிக்கொண்டே, “ரப்பரை நம்பிக் கடனோட போனாரா? அப்ப நம்ம ஆளுதான்,” என்றார்.

அது அவர் காதில் விழவில்லை. கண்ணாடி கையில் இருந்தது. அவர் 1997-க்குப் போய், வெள்ளைக்காரனிடமிருந்து ஹாங்காங்கை வாங்கிச் சீனாக்காரனிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.