பேர் கிடைத்ததும் திறப்பு விழா

கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வாடகை ஓடுகிறது. கிரைண்டர் அட்டைப்பெட்டியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் நம் வருங்கால ஓட்டல் முதலாளி எதிர்ப்பட்டவரிடமெல்லாம் கேட்பது ஒன்றுதான்: “கேட்டதும் மனசுல பச்சக்னு ஒட்டணும் சார், ஒரு பேரு சொல்லுங்க.” பதில் அவருக்குத் தேவையில்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் நமக்கு விளங்கும். ‘மண்வாசனை’ என்றால் தெருவுக்கு நாலு இருக்கிறது என்பார். ‘இலை’ ரொம்பச் சின்னது. ‘தலைவாழை இலை விருந்து’ போர்டில் அடங்காது. மச்சானிடம் கேட்டாயிற்று, டீ மாஸ்டரிடம் கேட்டாயிற்று. பல் பிடுங்க ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் டாக்டரிடமும் கேட்டாயிற்று. வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்துவார். ஜெயித்த பெயரை மறுநாள் காலை அவரே தள்ளிவிடுவார். எண்கணிதக்காரர் சொல்லி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் இதற்கு நடுவே.

பெயர்தான் கடையைத் தூக்கி நிறுத்தும் என்பது அவர் நம்பிக்கை. நடப்பு வேறு. திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடைக்கு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்றுதான் பெயர். சாப்பிட வந்தவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. முதலாளியின் தலைப்பாகையைப் பார்த்துத் தலப்பாக்கட்டி என்றார்கள். பிறகு அந்தப் பெயருக்காகவே கோர்ட்டு வரை போகும்படி ஆயிற்று. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யத் தொடங்கியது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற அதன் முழுப் பெயரை நம்மவர் குழுவில் போட்டிருந்தால் ஒரு ஓட்டுகூட விழுந்திருக்காது.

“கோடாக் மட்டும் எப்படி?” என்று மடக்குவார். கோடாக்கைத் தொடங்கிய ஈஸ்ட்மன் அந்தச் சொல்லை உருவாக்கியது உண்மைதான். 1888-இல் அதைப் பதிவு செய்தபோது அவர் கையில் கேமரா இருந்தது. இவர் கையில் மாவுகூட இல்லை. பெயரில் கவனமே வேண்டாமா என்றால், வேண்டும். சரக்கின் தன்மையை மட்டும் சொல்லும் பெயருக்கு 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் எளிதில் பதிவு தராது. ‘சுவையான இட்லி’ என்று எழுதிவிட்டு உரிமை கொண்டாட முடியாது. வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று பதிவேட்டில் தேடியும் பார்க்கவேண்டும். உணவகத்துக்கு உரியது 43-ஆம் வகுப்பு. இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. அதை ஆறு மாதத்துக்கு இழுப்பவர் தேடுவது பெயரை அல்ல, அடுப்புப் பற்றவைக்காமல் இருக்க ஒரு சாக்கை. கடை திறந்தால் சாம்பாரில் உப்பில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெயர் தேடும் வரை அந்தப் பயம் இல்லை. பாவம்தான். ஆனால் முன்பணம் வாங்கிய சமையல் மாஸ்டர் ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வேறு வேலைக்கும் போக முடியவில்லை. அதை யார் கேட்பது?

பெயரைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். சிக் ஷாம்பு என்பது அதைத் தொடங்கியவரின் தந்தை சின்னிகிருஷ்ணன் பெயரிலிருந்து வந்தது. ஆகவே அடுத்த முறை நம் முதலாளி உங்களிடம் பெயர் கேட்டால், யோசிக்காதீர்கள். அவருடைய அப்பா பெயரைக் கேட்டு, அதையே போர்டில் எழுதச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.