கோச் ஜெர்சி போட்ட இரவு

கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் நாற்பதைத் தாண்டியும் ஆடுகிறாரே என்று நண்பர்கள் வியக்கும்போதெல்லாம் நான் நாட் ஹிக்கியின் பெயரைச் சொல்வேன். பள்ளி அணியில் ஆடிய காலத்தில் நானே கேள்விப்படாத பெயர்.

1948 ஜனவரி 28. பிராவிடன்ஸ் ஸ்டீம்ரோலர்ஸ் அணியின் கோச் ஹிக்கி, தானே ஜெர்சி மாட்டிக்கொண்டு களமிறங்கினார். இரண்டு நாள் போனால் அவருக்கு 46 வயது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஏடுகளின்படி அவரைவிட மூத்தவர் எவரும் இன்றுவரை ஆடியதில்லை. அந்த சீசனில் ஸ்டீம்ரோலர்ஸ் 48 ஆட்டங்களில் வென்றது ஆறுதான். 1949-இல் அணியே கலைந்துபோனது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த இரவுக்கு முன்னால் கால் நூற்றாண்டு ஆட்டம் இருக்கிறது.

இன்றைய குரோஷியாவின் கோர்ச்சுலா தீவில் 1902-இல் பிறந்தவர் ஹிக்கி. அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் கூடைப்பந்து. கோடை வந்தால் மைனர் லீக் பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர். துணிக்கடை முதலாளி ஒருவரின் பெயர் தாங்கிய கிளீவ்லாந்து ரோசன்ப்ளம்ஸ் அணியிலும் ஆடினார். அன்றைய பந்தில் தோலை இழுத்துக் கட்டிய கயிறு வெளியே புடைத்து நிற்கும். அந்தப் பக்கம் தரையில் பட்டால் பந்து எந்தத் திசையில் எகிறும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கூடை விழுந்ததும் நடுவட்டத்துக்குத் திரும்பி, பந்தை மேலே எறிந்து மறுபடி தொடங்குவார்கள். பல ஊர்களில் நடன அரங்குகளே ஆடுகளம். ஆட்டம் முடிந்ததும் அதே மெழுகுத் தரையில் ஊரார் நடனமாடுவார்கள். அந்தத் தரையில் காலூன்றிப் பந்தைத் தட்டிச் சென்றவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

பிராவிடன்ஸுக்கு வருமுன் அவர் டிரை-சிட்டீஸ் பிளாக்ஹாக்ஸின் கோச். அந்த அணிதான் இன்றைய அட்லாண்டா ஹாக்ஸ். ஆனால் பிளாக்ஹாக்ஸ் அப்போது ஆடியது என்.பி.எல். என்ற லீக்கில். 1949-இல் அதுவும், ஸ்டீம்ரோலர்ஸ் ஆடிய பி.ஏ.ஏ. என்ற லீக்கும் இணைந்தே என்.பி.ஏ. பிறந்தது. பி.ஏ.ஏ.வின் மூன்று சீசன்களை என்.பி.ஏ. தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, என்.பி.எல்.லை ஒதுக்கிவிட்டது. அதற்கும் முந்தைய லீக்குகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஹிக்கியின் இளமை முழுவதும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. கால் தளர்ந்த வயது மட்டும் உள்ளே வந்திருக்கிறது.

பேஸ்பால் இப்படிப்பட்ட தவறைத் திருத்திக்கொண்டது. நிறவெறியால் ஒதுக்கப்பட்ட நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் 2024-இல் தன் ஏட்டில் சேர்த்தது, அந்த லீக்குகளில் ஆடிய ஜாஷ் கிப்சன் .372 பேட்டிங் சராசரியுடன் டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். கூடைப்பந்தின் பழைய ஸ்கோர் விவரங்களும் நாளிதழ்களில் கிடக்கின்றன. என்.பி.ஏ. அவற்றைத் தேடி எடுத்து, முதலில் என்.பி.எல். ஆண்டுகளையாவது தன் கணக்கில் ஏற்றவேண்டும்.