பத்திரமா இருக்கு மாப்ள!

என் மாமியார் நாலு நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போனார். அவர் போன மறுநாள் என் மூச்சுக் குழாயைக் காணோம். போன் போட்டுக் கேட்டால், “வெயில்ல வெடிச்சிரும்னு தேங்காண்ணெ தடவி, பரண்ல பத்திரமா வச்சிருக்கேன் மாப்ள, நீங்க கவலப்படாதீங்க” என்கிறார். ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய்! எடுத்துப் பார்த்தால் நனைந்த அப்பளம் மாதிரி உப்பி, தொளதொளவென்று தொங்குகிறது.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலில் முங்குவதற்குச் சாமான் செய்கிறவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்பீர்கள். வாஸ்தவம்தான். வைகையில் முங்குவதென்றால் அழகர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கும் அணையைத் திறந்துவிட்டால்தான் முழங்கால் நனையும். என் பரிசோதனையெல்லாம் மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில். கடைசிப் படியில் உட்கார்ந்து தலையை மட்டும் தண்ணீருக்குள் விடுவேன். மோட்டார் போட யாராவது வந்தால் சட்டென்று சோப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். மானம் முக்கியம்.

ஆனால் சாமான் லேசுப்பட்டதல்ல. பிரான்சில் 1943-ல் கடலோடி கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னானும் செய்த அக்வாலங் என்ற மூச்சுக் கருவியின் ஜாடை. யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அங்கே கரிவாயுவில் கார் ஓட்டினார்கள். அதற்காகக் காக்னான் வடிவமைத்த வால்வுதான் கடலுக்குள் போய் மூச்சு வால்வானது. லேத் பட்டறையில் கடைந்த என்னுடைய பித்தளை டப்பாவுக்குள்ளும் அதே சங்கதி: நடுவில் ரப்பர் சவ்வு, அதன்கீழ் ஒரு நெம்புகோல். மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்கி நெம்புகோலை அழுத்தும், காற்று வரும், நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்றால், காற்றும் அதே அழுத்தத்தில் வரும். வெளியே விடுகிற மூச்சையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய், சவ்வின் பக்கத்திலேயே விட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்த வித்தியாசத்தில் காற்று தானாகக் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இரண்டாவது குழாய். அதற்குத்தான் எண்ணெய்க் குளியல் நடந்திருக்கிறது.

இந்தச் சாமானைப் பாதுகாக்க இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, எண்ணெயே ஆகாது. நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வாசனை சேராத டால்கம் பவுடர் போட வேண்டும். இரண்டு, மடிக்கக் கூடாது. ரப்பர் முதலில் வெடிப்பது மடிப்பில்தான். விதி இருக்கட்டும், இந்தப் ‘பத்திரமா வைக்கிற’ விவகாரத்தை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

நம் வீட்டில் எந்தப் பொருளாவது உபயோகித்துக் கெட்டதுண்டா? எல்லாம் பத்திரமாக வைத்துக் கெட்டவை. பட்டுப்புடவை கட்டிக் கிழிந்ததில்லை, மடிப்பில்தான் இற்றுப்போகிறது. டிவி ரிமோட்டுக்குப் போட்ட பாலிதீன் உறை மஞ்சளித்து, எந்தப் பட்டன் எதுவென்று தெரியாமல் எல்லாரும் குத்துமதிப்பாக அமுக்குகிறோம். சோபாவின் மேல் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கின் மேல் துண்டு, துண்டின் மேல் நாம். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டு, அதற்கென்று யாரோ வரப்போவதாக அட்டைப் பெட்டியிலேயே கிடக்கிறது. அந்த யாரோ வந்தே விட்டாலும் டீ பழைய டம்ளரில்தான். வாரண்டி அட்டை ஒரு கவருக்குள், அந்தக் கவர் இன்னொரு கவருக்குள், அது ஒரு மஞ்சப்பைக்குள். மிக்சி ரிப்பேரான அன்று மஞ்சப்பையைக் காணோம். பீரோச் சாவியைப் பத்திரமாக வைத்துவிட்டுப் பூட்டுக்காரரைக் கூப்பிடாத வீடு உண்டா? குடையை அடைமழைக் காலத்தில் எடுத்து வைப்போம், “நனைஞ்சா கம்பி துருப்பிடிச்சிரும்” என்று. அவசரத்துக்கென்று வாங்கி வைத்த குக்கர் கேஸ்கெட், அவசரம் வருகிற அன்று பாக்கெட்டுக்குள்ளேயே வளையலாக இறுகியிருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழை லேமினேஷன் போட்டுவிட்டோம். அதன்மேல் முத்திரை குத்த முடியாமல் அதிகாரி முறைக்கிறார். அவர் மேஜையைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே சாமி படம், அதுவும் லேமினேஷன். பகவானே நனையக் கூடாதாம்!

சரி. இத்தனை பத்திரம் பார்க்கிற நாம், பார்க்க வேண்டியதில் பார்த்தோமா? நம் மன்னார் வளைகுடாவில் காலங்காலமாக முங்கியிருக்கிறார்கள். காலுக்குக் கல்லைக் கட்டி முத்துக்கு இறங்கிய கதை தூத்துக்குடியில் 1961-ஓடு முடிந்தது. சங்குகுளிகள் அதற்குப் பின்னும் முங்கினார்கள். முகத்தில் கண்ணாடி, காலில் நீந்துவதற்கு அலுமினியத் தகடு. கடையில் வாங்கியதல்ல, அளவெடுத்து வெட்டிக் கட்டிக்கொண்டது. நான் பித்தளையைக் கடைந்து காட்டுகிற வித்தையெல்லாம் அந்தத் தகட்டுக்கு உறை போடக் காணாது. கூஸ்தோ காலத்து மூச்சு வால்வு வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு நிற்கிறது. நம் ஆளின் தகடு ஒரு ஜோடி எங்கே என்று கேட்டால், “அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சே” என்பார்கள். பழைய அலுமினியத்தைப் போட்டுப் புதுக் குண்டான் வாங்கியிருப்பார்கள். அந்தக் குண்டானில் இதுவரை ஒரு சோறு வெந்திருக்காது. பேப்பர் சுற்றியது சுற்றியபடி இருக்கும்.